ஆலாத்திட்டின் அழைப்பான்

ஏப்ரல் 3, 2059. காலை 6.20. கடல் மேற்பரப்பு 30.6 டிகிரி

நிலையம் ஒழுங்கு. காற்று தென்மேற்கு, லேசானது. குடிநீர் டேங்க் முக்கால். சோலார் பலகைகளில் படிந்த உப்பைத் துடைத்தேன். அழைப்பான் தடங்கலின்றி ஓடுகிறது. வந்த பறவைகள்: இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரே ஒரு முறை அறிமுகம். என் பெயர் எமரன்சியா வாஸ். கடற்பறவை ஆய்வாளர். இடம் ஆலாத்திட்டு. தூத்துக்குடியிலிருந்து படகில் மூன்று நாள், தென்மேற்கே. மணல், பவளக் கல், கொஞ்சம் புதர், தகரக் கூரை போட்ட ஓர் அறை. மனிதர் என்று நான் ஒருத்தி. சமையல் என்ற பெயரில் ஏதோ நடக்கிறது, அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

இங்கே கரிமுதுகு ஆலாக்கள் முட்டையிடும். இடும் என்றா எழுதினேன்? இட்டுக்கொண்டிருந்தன. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, புறாவைவிட மெலிந்த உடம்பு. கடற்பறவை என்றாலும் இறகு நனைந்தால் மூழ்கிவிடும். அதனால் ஒரு குஞ்சு பறக்கத் தொடங்கியதும் நாலைந்து வருடம் எதன் மேலும் உட்காராமல் கடலுக்கு மேலேயே பறந்துகொண்டிருக்கும். தூங்குவதும் பறந்தபடிதான். பிறகு தரையைத் தொடுவது முட்டையிட மட்டும். நானும் கஸ்பாரும் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இங்கே முதன்முதல் இறங்கியபோது கால் வைக்க இடமில்லை. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்க வேண்டுமென்றால் காதோரம் வந்து கத்த வேண்டும்.

பிறகு கடல் சூடானது. ஆலா முங்கி மீன் பிடிக்காது. அடியிலிருந்து சூரை மீன் துரத்தும்போது மேலே துள்ளி விழுகிற பொடிமீனைப் பறந்தபடியே கொத்தும். மேல்நீர் சுட்டால் பொடிமீன் குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடுகிறது, சூரையும் பின்னாலேயே போய்விடுகிறது. மூன்று வருடத்துக்கு முன் இப்படிச் சூடு ஏறியபோது இந்த மணலில் குஞ்சுகள் வாயைத் திறந்தபடியே செத்தன. அதற்குப் பிறகு ஒரு பறவைகூட வரவில்லை.

அவற்றைத் திரும்ப வரவழைக்கத்தான் அழைப்பான். மணலில் புதைத்த நாற்பது சின்ன ஸ்பீக்கர்கள், வயர் இல்லாதவை. சுற்றிலும் பெயின்ட் அடித்த பொம்மை ஆலாக்கள். நடுவில் ஒரு கம்பம், அதில் ஒரு பெட்டியும் வெப்பக் கேமராவும். பழைய பறவைக் கூச்சலைப் பெட்டி ஒலிபரப்பும். சூடான உடம்பு எது வந்து நின்றாலும் கேமரா அதை ‘வருகை’ என்று எண்ணும். எந்தச் சத்தத்துக்கு வருகை கூடுகிறதோ அதைப் பெட்டி தானாகவே அதிகம் போடக் கற்றுக்கொள்ளும். இப்படிப் பதினான்கு திட்டுகளில் பதினான்கு பெட்டிகள். மாதக் கடைசியில் எந்தத் திட்டில் வருகை அதிகமோ, அதன் ஒலித்தொகுப்பைக் கரை நிலையம் மற்ற பதின்மூன்றுக்கும் அனுப்பிவிடும். நல்ல ஏற்பாடு என்று நானும் கையெழுத்துப் போட்டவள்தான்.

கூச்சல் முழுவதும் கஸ்பார் பதிவு செய்தது. கஸ்பார் என் கணவர், ஒலிப்பதிவாளர். போன ஆகஸ்டில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. ஒலிப்பதிவாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இடம், காற்று, தன் பெயர் மூன்றையும் மைக்கில் சொல்லிவிட்டுத்தான் பதிவைத் தொடங்குவார்கள். கஸ்பார் கடைசியிலும் ஒன்று சேர்த்துக்கொள்வார். “ஆலாத்திட்டு. வடக்கு மணல். காத்து தென்மேக்கு. கஸ்பார் பேசுதேன்.” அப்புறம் பறவைகள். அப்புறம், “எமி, கேட்டியா?”

பெட்டியில் ஏற்றுவதற்கு முன் மனிதப் பேச்சை வெட்டிவிட வேண்டும் என்பது விதி. நான் வெட்டவில்லை. மனம் வரவில்லை. மூலப் பதிவுகள் எல்லாம் வீட்டில் தண்ணீர் புகுந்தபோது போய்விட்டன. அவர் குரல் இந்தப் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது, ஒரு நாளில் ஓரிரு முறை கேட்கும். அதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஏப்ரல் 9. மாலை 5.40. 31.2 டிகிரி

பெட்டியின் கணக்கில் இன்று வருகை நான்கு. நான்கு! பொம்மைகளுக்கு நடுவே முட்டி போட்டுத் தேடினேன். எச்சம் இல்லை, இறகு இல்லை, மணலில் ஒரு கால் தடம் இல்லை. ஒரு நண்டு என்னைக் கேவலமாகப் பார்த்துவிட்டு வளைக்குள் போனது.

அதற்குள் கரை நிலையத்திலிருந்து திட்ட அலுவலர் நித்யகலா ரேடியோவில் வந்துவிட்டார்.

“மேடம், கங்கிராட்ஸ்! மூணு வருஷத்துல மொத வருகை நம்ம ஆலாத்திட்டுலதான். மத்த பதிமூணும் ஜீரோ. இங்க எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாச்சு.”

கேமராப் படங்களை எடுத்துப் பார்த்தேன். நான்கு வருகையும் நான்தான். கஸ்பார் குரல் கேட்கும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டுக் கம்பத்தடியில் போய் நின்றிருக்கிறேன். போனது எனக்கே நினைவில்லை. ஆலாவுக்கும் ஐம்பத்து நாலு வயதுப் பொம்பளைக்கும் கேமராவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சூடாக இருக்கிறது, வந்தது, நின்றது. நீண்ட நேரம் நின்றதால் ‘உயர்தர வருகை’ என்று மதிப்பெண் வேறு.

உண்மையைச் சொன்னேன். நித்யகலா சிரித்தார். “அய்யோ மேடம்! ஸ்வீட் காசு போச்சே. சரி, நான் குறிச்சு வெச்சுக்கறேன். ஆனா சிஸ்டத்துல ஏறினது ஏறினதுதான், அதை எடுக்க முடியாது.”

கஸ்பார் இருந்திருந்தால் ஒரு வாரம் இதைச் சொல்லியே என்னை ஓட்டியிருப்பார்.

ஏப்ரல் 14. காலை 7.05. 31.5 டிகிரி

ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் மூன்று முறை. “எமி, கேட்டியா?”

சந்தேகப்பட்டேன், பெட்டியின் ஒலிப் பட்டியலைப் பார்த்தேன், சரிதான். கூட்டத்தின் கூச்சலுக்கு வருகை இல்லை, கஸ்பார் குரலுக்கு வருகை உண்டு என்று பெட்டி கற்றுக்கொண்டுவிட்டது. பறவைச் சத்தத்தைக் குறைத்து அவரைக் கூட்டியிருக்கிறது. இடம், காற்று எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டு அந்த இரண்டு சொல்லை மட்டும் வைத்திருக்கிறது. நான் கரையோரம் நடந்தால் நான் போகிற திசையில் அடுத்த ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. முன்னால் போய் நின்றுகொண்டு கூப்பிடுகிறது.

எழுதி வைக்கிறேன்: இது பேய் அல்ல. கூட்டல் கணக்கு. சாவி ஒன்றைத் தட்டினால் பட்டியலிலிருந்து அந்தக் குரலை நீக்கிவிடலாம். நீக்கினால் திரும்ப ஏற்ற என்னிடம் எதுவும் இல்லை.

தட்டவில்லை. மதியம் தெற்கு மணலில் கூப்பிட்டபோது, “கேட்டேன் கேட்டேன், சும்மா கெட” என்று சத்தமாகப் பதில் சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். கடல் அசையவே இல்லை. இந்தச் சூட்டில் அலைகூட எண்ணெய்க் கணக்காய் மெதுவாகத்தான் புரள்கிறது.

ஏப்ரல் 18. காலை 8.30. 31.7 டிகிரி

திட்டுகளுக்குச் சாமான் கொண்டுவரும் படகின் தலைவர் பெலவேந்திரம். சிறு வயதிலிருந்து கஸ்பாருக்குத் தம்பி மாதிரி. இன்று காலை நடுக்கடலிலிருந்து ரேடியோவில் வந்தார். வந்த செய்தியை அப்படியே எழுதுகிறேன்.

“மதினி, கேக்கா? பெலவேந்திரம் பேசுதேன். சாப்பிட்டியளா? ஒரு சங்கதி. விடியக்காலம் ஆலா பாத்தேன் மதினி. பத்து இருபது இல்ல, பெருங்கூட்டம். ஆயிரத்துக்கு மேல இருக்கும். ஆனா ஒண்ணுகூடத் தண்ணியில கொத்தல. சூரையே இல்லியே, என்னத்தக் கொத்தும்? தொவண்டு போய்ப் பறக்குது. ஒங்க பக்கமாத்தான் வருது.”

மூன்று வருடமாக இந்தக் கடல் முழுவதும் எந்த நிலையமும் ஒரு கூட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. மிச்சம் இருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இது போனால் இந்தக் கடலில் கரிமுதுகு ஆலா என்று ஒன்று கிடையாது.

பொம்மைகளுக்கு எல்லாம் மறுபடி கறுப்படித்தேன். புதர் ஓரத்து முள்ளை வெட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் வருகிற வீடு மாதிரி திட்டைக் கூட்டிப் பெருக்கினேன்.

ஏப்ரல் 21. மாலை 6.15. 31.9 டிகிரி

வந்துவிட்டன.

முதலில் சத்தம். நான் பெட்டிதான் என்று நினைத்தேன். பெட்டி நின்றிருந்த நேரத்திலும் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். மேற்கு வானத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழன்றுகொண்டிருந்தன. அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

பெட்டி உடனே பிடித்துக்கொண்டது. கஸ்பாரை ஓரங்கட்டிவிட்டுப் பழைய கூச்சலை முழு அளவில் திறந்தது. ஐந்து, பத்து, முப்பது என்று பறவைகள் பொம்மைகளுக்கு நடுவே இறங்கின. ஒன்று ஒரு பொம்மையின் அலகோடு அலகு வைத்துப் பார்த்துவிட்டு, பதில் இல்லாததால் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. மற்றவை மேலேயே சுற்றுகின்றன. இறங்கலாமா வேண்டாமா என்று அவை இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்று முழுவதும் கஸ்பார் ஒரு முறைகூடப் பேசவில்லை. இவ்வளவு சந்தோஷத்திலும் அதை நான் கவனித்திருக்கிறேன் பாருங்கள்.

ஏப்ரல் 23. பகல் 11.50. 32.2 டிகிரி

இறங்கிய பறவைகளில் ஆறைப் பிடித்து எடை போட்டேன். ஒவ்வொன்றும் இருக்க வேண்டியதில் முக்கால்தான் இருக்கிறது. நெஞ்செலும்பு கத்தி விளிம்பாகக் கையில் குத்துகிறது. ரப்பர் படகில் போய்க் கைவலை போட்டேன். மூன்று இடம், மூன்றிலும் காலி. மீன் காட்டும் கருவி மீனைக் காட்டத்தான் செய்தது, தொண்ணூறு மீட்டர் ஆழத்தில். ஆலாவுக்கு அது நிலாவில் இருப்பதும் ஒன்றுதான்.

காலையில் முதல் முட்டை. மணலில், பழுப்புப் புள்ளியோடு. மூன்று வருடமாக நான் காத்திருந்த முட்டை. அதைப் பார்த்ததும் அறைக்குப் போய்க் கணக்குப் போட்டேன்.

கணக்கு எளிது. தெற்கே நாலு நாள் பறந்தால் குளிர்நீர் தொடங்குகிறது. அங்கே சூரை மேலே ஓடுவதாகப் படகுக்காரர்கள் சொல்கிறார்கள். இந்தக் கூட்டம் நிற்காமல் போனால் போய்ச் சேரும் அளவுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது. இங்கே இறங்கி முட்டையிட்டால் அதைவிட்டு நகராது. அடைகாத்தே தெம்பு தீரும். குஞ்சு பொரிந்தாலும் ஊட்ட ஒன்றும் கிடையாது. தாயும் போகும், குஞ்சும் போகும். அவற்றை இங்கே இறக்குவது நான். எனது அழைப்பான்.

அழைப்பானை நிறுத்தப் போகிறேன் என்று கரைக்குச் சொன்னேன். பதில்:

“மேடம், ப்ளீஸ், அப்படிச் செஞ்சிராதீங்க. வருகை இருநூறைத் தாண்டியாச்சு. இந்தத் திட்டத்தை மூடணும்னு பேசிட்டிருந்தவங்க எல்லாம் இன்னிக்கு வாயை மூடிட்டாங்க. பறவை வருது, அதைப் போய் விரட்டுவீங்களா?”

வருவது வேறு, வாழ்வது வேறு என்றேன். “நான் மேல சொல்றேன் மேடம்” என்றார். மேலே என்பது எங்கே இருக்கிறது என்று இந்த முப்பது வருடத்தில் எனக்குத் தெரிந்ததில்லை. மத்தியானம் சாவியைத் திருப்பி நிறுத்தினேன். ஒரு மணி நேரத்தில் கரையிலிருந்தே அதை ஓட விட்டார்கள். மறுபடி நிறுத்தினேன். மறுபடி ஓடியது.

ஏப்ரல் 24. மாலை 5.10. 32.3 டிகிரி

மேலே சுற்றும் பறவைகளை இறக்குவதற்குப் பெட்டி ஒரு புதுச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கேட்டதும் எனக்குத் தெரிந்துபோனது. குஞ்சுகள் பசியில் கத்துகிற சத்தம். மூன்று வருடத்துக்கு முன் இதே மணலில் கஸ்பார் பதிவு செய்தது. அந்தக் குஞ்சுகளில் ஒன்றுகூட அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

செத்துப்போன குஞ்சுகள் நாற்பது ஸ்பீக்கரில் கத்துகின்றன. தாய்கள் இறங்குகின்றன. மணலைக் கிளறுகின்றன. சத்தம் வருகிற இடத்தில் குனிந்து, காலி வாயைத் திறந்து ஊட்டப் பார்க்கின்றன. பெட்டி எண்ணுகிறது. முந்நூறு. முந்நூற்று நாற்பது.

ஸ்பீக்கர்களைத் தோண்டி எடுக்கலாம் என்று பார்த்தேன். மூன்றை எடுப்பதற்குள் இரண்டு முட்டையை மிதித்துவிட்டேன். ஒலிப் பட்டியலைக் கரையிலிருந்தே பூட்டிவிட்டார்கள், எதையும் நீக்க முடியவில்லை, பேட்டரியும் பெட்டிக்குள்ளேயே மூடிக் கிடக்கிறது. பெட்டியை உடைப்பது ஒன்றுதான் வழி. உடைத்தால் கஸ்பாரும் போவார்.

நாளைக் காலை.

ஏப்ரல் 25. மாலை 6.40. 32.3 டிகிரி

உடைக்கவில்லை.

சுத்தியலோடு போனேன். கம்பத்துக்குப் பக்கத்தில் போனதும் அங்கிருந்த ஸ்பீக்கர்களில் மட்டும் குஞ்சுச் சத்தம் நின்றது. கேமராவில் நான் தெரிந்திருப்பேன். எனக்கு எது பிடிக்கும் என்று அதற்குத் தெரியும். நாலு நாள் கழித்து அவர் குரல். இடம், காற்று, பெயர், எல்லாம் முழுசாக. ஒவ்வொரு பதிவாக. ஒரு பதிவில் இருமுகிறார். ஒன்றில் யாரோ கூப்பிட, “இந்தா வாறேன்” என்கிறார். அந்த யாரோ நான்தான். முப்பத்திரண்டு வயது எமி எங்கிருந்தோ சிரிக்கிறாள்.

அங்கேயே உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். என்னை உட்காரவைத்த நேரத்தில் மற்ற ஸ்பீக்கர்களில் குஞ்சுகள் கத்திக்கொண்டுதான் இருந்தன. காலையில் இருபது முட்டை இருந்தது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்த ஐம்பது சோடிகளையும் இங்கே கட்டிப்போட்டது நான். பெட்டியின் மேல் பழி போட எனக்கு வாய் இல்லை.

ஏப்ரல் 26. காலை 9.00. 32.4 டிகிரி

விடிந்ததும் போனேன். வழக்கம்போல அவரைப் போட்டது. நான் நிற்கவில்லை, சுத்தியலை ஓங்கினேன். பெட்டி அவசரமாக வேறொன்றைத் தேடியது போலும். அது இதுவரை போட்டே பார்க்காத ஒன்று வந்தது. குஞ்சுப் பதிவின் கடைசி. நான் பக்கத்தில்தான் இருந்தேன் அன்று, ஆனால் அவர் மைக்கில் இதைச் சொன்னது எனக்குத் தெரியாது. மெல்லிய குரல். அழுதிருக்கிறார்.

“எமி, கேட்டியா? போதும்டி. நிறுத்திருவோம். கேக்க முடியல.”

கணக்குதான். இருக்கிற பதிவுகளில் ஒன்று, அவ்வளவுதான். எனக்குத் தெரியும்.

மூன்று அடியில் மூடி பிளந்தது. நாலாவது அடியில் நின்றது. அதன் பிறகும் அடித்தேன்.

திட்டு முழுவதும் ஒரே நேரத்தில் அமைதியானது. பறவைகளும் வாயை மூடிவிட்டன. எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தன. பொம்மைகளைக் குப்புறக் கவிழ்த்துக்கொண்டே போனேன்.

ஏப்ரல் 26. மாலை 6.30. 32.4 டிகிரி

கூட்டம் எழுந்துவிட்டது. முட்டை இல்லாதவை எல்லாம். இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் தெற்கே. பெருங்கூட்டம்தான், ஆயிரம் இருக்கும், பெலவேந்திரம் சொன்னது சரி. புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுபது சோடிகள் மட்டும் மணலில்.

கஸ்பாரைக் கொடுத்து அந்தக் கூட்டத்தை வாங்கியிருக்கிறேன். அவரும் சம்மதிப்பார். அவர்தானே சொன்னார்.

ஏப்ரல் 30. காலை 6.45. 32.6 டிகிரி

அடைகாத்தவை ஒவ்வொன்றாக எழுந்து போகின்றன. சில எழாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கின்றன, தொட்டால் சாய்கின்றன. விட்டுப்போன முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்தேன். என் உள்ளங்கையைவிடச் சூடு. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

இவ்வளவு அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. காபி போடும்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். கம்பத்தடிக்கு இன்றும் போனேன். பழக்கம்.

கூட்டம் இந்நேரம் குளிர்நீரைத் தொட்டிருக்கும். சூரை துள்ளியிருக்கும். அதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

மே 4. பகல் 12.20. 32.5 டிகிரி

பெட்டியை உடைத்ததற்கு விளக்கம் கேட்டுக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நித்யகலா உற்சாகமாக வந்தார்.

“மேடம், பாக்ஸ் ரிப்பேர்னு காட்டுது, பரவாயில்ல, அதை விடுங்க. உங்க ஒலித்தொகுப்புதான் போன மாசம் ஃபர்ஸ்ட். மாசக் கடைசி வரைக்கும் வெயிட் பண்ண வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க. இருபத்தி நாலாந்தேதியே பதிமூணு திட்டுக்கும் அனுப்பியாச்சு. எதையும் வெட்டல மேடம், எது வேலை செஞ்சதுன்னு தெரியாதுல்ல, அதனால அப்படியே முழுசா.”

ஆலாத்திட்டுக்கும் குளிர்நீருக்கும் நடுவே ஐந்து திட்டுகள் இருக்கின்றன. ஐந்தும் சுடுநீருக்குள். ஐந்திலும் பெட்டி.

நிறுத்தச் சொன்னேன். கெஞ்சினேன். கத்தினேன். அசிங்கமாகத் திட்டினேன், அதையும் பதிவில் வைத்துக்கொள்ளட்டும். “புரியுது மேடம், எனக்குப் புரியுது” என்றார். குரல் இறங்கியிருந்தது. “ஆனா வருகை ஏறிட்டே இருக்கு. இப்ப யார் போய் நிறுத்தச் சொன்னாலும் கேக்க மாட்டாங்க.”

முதல் வருகை நான்தான். நான்கு முறை. உயர்தரம்.

மே 5. காலை. வெப்பம் பார்க்கவில்லை

பெலவேந்திரம். தெற்குத் திட்டுகளில் சாமான் இறக்கிவிட்டு என்னை அழைத்துப்போக வருகிற வழியில், அந்த ஐந்தில் ஒன்றிலிருந்து.

“மதினி… மதினி, கேக்கா? நண்டுத்திட்டுக்கிட்ட நிக்கேன். இங்க ஆளே கெடையாது, ஒங்களுக்குத் தெரியுமே. எப்படிச் சொல்ல… கஸ்பார் அண்ணன் பேசுதாவ. சத்தியமா மதினி. ஒங்க பேரச் சொல்லிக் கூப்பிடுதாவ. பயலுவல்லாம் செலுவ போட்டுட்டுக் கெடக்கானுவ. நான் என்ன செய்ய?”

வானத்தைப் பார்க்கச் சொன்னேன்.

“வானமெல்லாம் ஆலாதான். வழியில ஒவ்வொரு திட்டாச் சுத்திட்டு வந்திருக்கும் போல. எறங்குது. நீங்க அனுப்பிவிட்டதுதான இது? எறங்குது மதினி, எல்லாம் எறங்குது. குஞ்சு கத்துத மாதிரி கேக்கு, ஆனா குஞ்சு ஒண்ணுங்கூட இல்ல.”

ஒரு பெட்டி இருக்கும், நடுக்கம்பத்தில், கல்லைப் போட்டு உடை என்றேன்.

“அண்ணன் கொரலு மதினி. நான் எப்படி ஒடைப்பேன்?”

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. நானே ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தவள். வா, வந்து என்னை ஏற்று, நான் உடைக்கிறேன் என்றேன். வருகிறார். நாளைக்குள் வந்துவிடுவார்.

மே 6. படகு தெரிகிறது

இதை அறையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். சுத்தியலை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் எடுத்துக்கொண்டேன். வேறொன்றும் தேவையில்லை.

கண்டெடுப்பவருக்கு: எந்தத் திட்டிலாவது கஸ்பார் என்று ஒருவர் பேசினால் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நின்றால் உங்களையும் எண்ணும். நல்ல மனிதர், நல்ல குரல், தெரியும். உடைத்துவிடுங்கள்.

பதின்மூன்று. நண்டுத்திட்டு முதலில். ஒவ்வொன்றிலும் அவர் என்னை முழுசாகக் கூப்பிடுவார். இருமுவார். ஒவ்வொன்றிலும் நான் ஓங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கடைசியில் அந்தப் பதிவு வருமா, போதும் என்று சொல்வாரா, தெரியவில்லை. சொல்லாவிட்டால் என் கை

நேற்று பெலவேந்திரம் ரேடியோவைக் கரைப்பக்கம் நீட்டிப் பிடித்தார், எனக்குக் கேட்கட்டும் என்று. வேண்டாம் என்று சொல்வதற்குள் நீட்டிவிட்டார். காற்று. ஆலாக்கள், நிஜமான ஆலாக்கள், ஆயிரம். அதற்கு நடுவே, நாற்பது இடத்திலிருந்து, ஆளில்லாத அந்தத் திட்டிலிருந்து,

“எமி, கேட்டியா?”

கேட்டேன். வந்துகொண்டிருக்கிறேன்.